புரை காத்திருக்கும், அழுத்தம் காத்திருக்காது: எழும்பூர் கண் டாக்டர் எலியட்டின் கதை



சென்ற இதழில் நம் தெருக்களின் மழைநீர் வடிகாலைப் பற்றிப் பேசினோம். இந்த முறை வரலாற்றுப் பக்கத்திலும் ஒரு வடிகால்தான் வருகிறது. ஆனால் இது கண்ணுக்குள் இருக்கிற வடிகால். அது அடைத்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதை எங்கள் வீட்டில் பட்டுத்தான் தெரிந்துகொண்டோம். அந்தக் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நான்கு வருடங்களுக்கு முன் அப்பாவுக்கு வலது கண் மங்கலாகத் தெரிய ஆரம்பித்தது. கண்ணாடிக் கடை ஒன்றில் மெஷினில் பார்த்துவிட்டு, "புரை இருக்கு சார், இன்னும் முத்தல. முத்தினதும் ஆபரேஷன் பண்ணிக்கலாம்" என்றார்கள். சொந்தக்காரர்களும் அதையே சொன்னார்கள். அப்பாவுக்கும் அது வசதியாக இருந்தது. நாங்களும் "முத்தட்டும், முத்தட்டும்" என்று இரண்டு வருடங்கள் ஓட்டிவிட்டோம். ஒருநாள் மாலை, நடைப்பயிற்சி முடிந்து வந்தவர் கேட்டுக்கு வலது பக்கம் நிறுத்தியிருந்த பைக்கில் மோதி விழுந்தார். "வண்டி நின்னதே தெரியலடா" என்றார். மறுநாள் கண் டாக்டரிடம் போனோம். புரை இருந்தது உண்மைதான். அதற்குப் பின்னால் இன்னொன்றும் இருந்தது. கண் நீர் அழுத்த நோய், டாக்டர்கள் கிளாகோமா என்று சொல்வது. வலது கண்ணின் நரம்பு பெரும்பாலும் பட்டுப்போயிருந்தது. புரையை எடுத்தார்கள், ஆனால் பார்வை திரும்பவில்லை.

"முத்தட்டும்" என்ற அந்த ஒரு சொல் எங்கிருந்து வந்தது என்று தேடப் போனதில்தான் எழும்பூர் கண் ஆஸ்பத்திரியும், அங்கே 1904 முதல் 1914 வரை தலைமை வகித்த ராபர்ட் ஹென்றி எலியட் என்ற டாக்டரும் எனக்கு அறிமுகமானார்கள். பெசன்ட் நகர் எலியட்ஸ் பீச்சின் எலியட் வேறு ஆள். இவர் பெயரில் கடற்கரை இல்லை. ஆனால் ஒரு காலத்தில் உலகம் முழுக்க கண் டாக்டர்கள் இவர் பெயரைச் சொல்லித்தான் ஓர் அறுவை சிகிச்சையைச் செய்தார்கள். அது பிறந்தது நம் சென்னையில்.

இரண்டு நோய், ஒரே புகார்

வீட்டுப் பெரியவர் "கண்ணு சரியா தெரியல" என்று சொன்னால் நமக்கு முதலில் தோன்றுவது புரை. கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் ஜன்னல் கண்ணாடி மாதிரி. வயதாக ஆக அது பழுப்பேறி மங்குகிறது. ஜன்னல் அழுக்கானால் வெளிச்சம் குறையும், வீடு இடிந்துவிடாது. கண்ணாடியை மாற்றினால் வெளிச்சம் திரும்பிவிடும். புரை பெரும்பாலும் அப்படித்தான்.

கிளாகோமா வேறு வகை. கண்ணின் முன்பகுதியில் தெளிவான ஒரு நீர் ஓயாமல் சுரந்துகொண்டே இருக்கிறது. இது அழும்போது வரும் கண்ணீர் இல்லை. உள்ளேயே சுரந்து உள்ளேயே வடிகிற நீர். கருவிழியின் ஓரத்தில் உள்ள சல்லடை போன்ற வடிகால் வழியாக அது வெளியேறுகிறது. நம் பிளாட்டில் மோட்டார் ஓடிக்கொண்டே இருந்து, வெளியே போகும் குழாய் மட்டும் அடைத்துக்கொண்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். கண்ணில் வழிந்து ஓட இடமில்லை, அழுத்தம்தான் ஏறும். அந்த அழுத்தம் கண்ணின் பின்புறம் மூளைக்குப் போகும் நரம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாகடிக்கிறது. பெரும்பாலோருக்கு வலி இல்லை, சிவப்பு இல்லை. முதலில் பக்கவாட்டுப் பார்வைதான் போகும். நேரே இருக்கும் பேப்பரைப் படிக்க முடிவதால் யாருக்கும் சந்தேகம் வராது. செத்த நரம்பை உயிர்ப்பிக்க இன்றுவரை வழி கிடையாது. உலக அளவில், மீட்க முடியாத பார்வையிழப்புக்கு முதல் காரணம் இந்த நோய்தான்.

வீட்டில் இருப்பவர்களுக்கு இரண்டும் ஒரே மாதிரி தெரியும். எலியட்டின் பத்தாண்டு எழும்பூர் வாழ்க்கை இந்த இரண்டுக்கும் நடுவில்தான் கழிந்தது.

1819-ல் தொடங்கிய ஆஸ்பத்திரி

நம் வாலாஜாபாத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியின் பட்டாளம் முகாமிட்டிருந்த கதை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். ஆற்காடு நவாப் முகமது அலி வாலாஜாவின் பெயரைத் தாங்கிய இந்த ஊரின் பெயரையே சென்னைப் படையில் ஒரு படைப்பிரிவு பின்னாளில் தாங்கியது. எலியட் எழும்பூரில் இருந்த காலத்திலும் '83-வது வாலாஜாபாத் லைட் இன்ஃபன்ட்ரி' என்ற பெயர் பட்டாளக் கணக்கில் இருந்தது.

பட்டாளத்துக்கும் கண் மருத்துவத்துக்கும் ஒரு தொடர்பு உண்டு. நெப்போலியன் காலத்தில் எகிப்தில் போரிட்ட சிப்பாய்கள் ஒருவகைக் கண் தொற்றுடன் ஊர் திரும்பினார்கள். அது இங்கிலாந்தில் பரவியபோதுதான் கண்ணுக்கென்று தனி ஆஸ்பத்திரி வேண்டும் என்ற எண்ணம் வலுத்தது. 1805-ல் லண்டனில் ஒன்று தொடங்கியது. பிற்காலத்தில் மூர்ஃபீல்ட்ஸ் என்று புகழ்பெற்றது அதுதான். அடுத்த 14 வருடத்தில், 1819-ல், ராபர்ட் ரிச்சர்ட்சன் என்ற டாக்டரின் பொறுப்பில் கம்பெனி சென்னையிலும் ஒரு கண் ஆஸ்பத்திரியைத் தொடங்கியது. முதலில் அது ராயப்பேட்டையில் இருந்தது. 1880-களில் எழும்பூர் மார்ஷல்ஸ் சாலைக்கு, அதாவது இன்றைய ருக்மிணி லட்சுமிபதி சாலைக்கு, மாறியது. ஆசியாவின் மிகப் பழைய கண் ஆஸ்பத்திரிகளில் ஒன்று இன்றும் அங்கே இயங்கிக்கொண்டிருக்கிறது.

1909-ல் நம் ஊரிலிருந்து கண் தெரியாத ஒருவர் அங்கே போக வேண்டும் என்றால், வாலாஜாபாத் ஸ்டேஷனில் ரயில் ஏறி, செங்கல்பட்டில் வண்டி மாறி, எழும்பூரில் இறங்கியிருப்பார். இன்று நாம் பார்க்கும் சிவப்புக் கட்டடமான எழும்பூர் ஸ்டேஷன் திறக்கப்பட்டது 1908-ல். அங்கிருந்து ஆஸ்பத்திரி நடக்கும் தூரம்தான். கூட ஒரு மகனோ பேரனோ கைபிடித்து வர வேண்டும். அவனுக்கு அன்றைய கூலி போய்விடும். எலியட்டின் வேலையைப் புரிந்துகொள்ள இந்தப் பயணத்தை மனதில் வையுங்கள்.

பாம்பு விஷத்திலிருந்து கண்ணுக்கு

எலியட் பிறந்தது 1864-ல். லண்டனில் மருத்துவம் படித்து 1892-ல் இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்தார். எடுத்த எடுப்பிலேயே அவர் பெயர் வெளியே தெரிந்தது கண் மருத்துவத்தில் இல்லை. நல்ல பாம்பின் விஷமும் கடற்பாம்பின் விஷமும் உடலில் எப்படி வேலை செய்கின்றன என்று ஆராய்ந்து, எடின்பரோவில் தாமஸ் ஃப்ரேசர் என்ற பேராசிரியருடன் சேர்ந்து கட்டுரைகள் எழுதியவர் அவர். அளந்து பார்ப்பது, எழுதி வைப்பது, கண்ணால் காணாததை நம்பாமல் இருப்பது ஆகிய பழக்கங்கள் அந்த வேலையிலேயே வந்திருக்க வேண்டும். 1904-ல் எழும்பூர் கண் ஆஸ்பத்திரியின் கண்காணிப்பாளர் ஆனார். சென்னை மருத்துவக் கல்லூரியில் கண் மருத்துவமும் கற்பித்தார்.

ஊசி வைத்தியரும் அவர் விட்டுச்சென்ற கண்களும்

எழும்பூர் வார்டில் எலியட் பார்த்த கண்கள் பலவற்றில் ஏற்கெனவே வேறொருவரின் கை பட்டிருந்தது. அந்தக் காலத்தில் ஊர் ஊராகச் சுற்றிய கண் வைத்தியர்கள் இருந்தார்கள். கண்ணின் ஓரத்தில் ஊசியையோ சிறு கத்தியையோ நுழைத்து, புரை பிடித்த லென்ஸைப் பார்வைப் பாதையிலிருந்து தள்ளிக் கண்ணுக்குள்ளேயே கீழே விழவைப்பார்கள். இது மிகப் பழைய முறை. சுஸ்ருதர் பெயரில் உள்ள நூலில் புரைக்கு ஊசியால் செய்யும் சிகிச்சை விவரிக்கப்பட்டிருக்கிறது. ஐரோப்பாவிலும் 18-ஆம் நூற்றாண்டு வரை இதுதான் முறை. 1747-ல் ஜாக் தாவியேல் என்ற பிரெஞ்சுக்காரர் லென்ஸை வெளியே எடுத்துக் காட்டிய பிறகுதான் அங்கே மெல்ல மாறியது.

நம் பக்கத்தில் கண் மருத்துவம் ஆங்கிலேயர் வந்துதான் பிறந்தது என்று நினைத்துவிட வேண்டாம். தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி, கண் நோயாளிகளின் குறிப்புகளைக் கண்ணின் வண்ணப் படங்களோடு பதிவு செய்து வைத்தவர். அவர் காலமானது 1832-ல். எலியட் வருவதற்கு 70 வருடம் முன்பே நோயாளிக்கு நோயாளி ஏடு வைக்கும் பழக்கம் தமிழ்நாட்டில் இருந்திருக்கிறது.

ஊசி வைத்தியரிடம் மக்கள் ஏன் போனார்கள் என்பது, மேலே சொன்ன ரயில் பயணத்தை நினைத்தாலே விளங்கும். வைத்தியர் வீட்டுத் திண்ணைக்கே வருவார். சில நிமிடங்களில் வேலை முடியும். கட்டை அவிழ்த்ததும் பல வருடமாகத் தெரியாத வெளிச்சம் தெரியும், விரல்களை எண்ண முடியும். ஊரே கூடிப் பார்க்கும். கூலி வாங்கிக்கொண்டு அவர் அடுத்த ஊருக்குப் போய்விடுவார். சீழ் பிடிப்பதும், கண் சுருங்குவதும், அழுத்தம் ஏறுவதும் அவர் போன பிறகு நடக்கும். கண்ணுக்குள் தள்ளப்பட்ட லென்ஸ் உள்ளேயே கிடந்து உறுத்தி, கிளாகோமாவை உண்டாக்கும். புரை என்ற குணப்படுத்தக்கூடிய நோய், கிளாகோமா என்ற குணப்படுத்த முடியாத நோயாக மாறிப்போகும்.

எலியட் இப்படிப்பட்ட நோயாளிகளை நூற்றுக்கணக்கில் பார்த்து எழுதி வைத்தார். கெட்டுப்போய் எடுக்க வேண்டிவந்த கண்களை வெட்டி ஆராய்ந்தார். வைத்தியர்களின் கருவிகளையும் பழக்கங்களையும் பதிவு செய்தார். 1917-ல் லண்டனில் அறுவை மருத்துவர்களுக்கான ராயல் கல்லூரியில் இதுபற்றி ஹன்ட்டேரியன் சொற்பொழிவுகள் ஆற்றினார். புரைக்கான இந்திய ஊசி முறை பற்றிய அவர் நூல் அதிலிருந்து வந்தது. ஓர் ஆங்கிலேய அதிகாரியின் பார்வையும் அதில் கலந்துதான் இருக்கும். ஆஸ்பத்திரியில் வந்து விழுந்த கண்கள்தான் அவர் கணக்கில் அதிகம் சேரும். நன்றாக ஆனவர் எழும்பூருக்கு வரப்போவதில்லை. இருந்தாலும், ஒரு சிகிச்சையை அது செய்த நாளில் வைத்து மதிப்பிடக் கூடாது, ஒரு வருடம் கழித்துப் பார்க்க வேண்டும் என்ற பாடம் அன்றைக்கும் சரி, இன்றைக்கும் சரி, நமக்குத் தேவையானது.

"முத்தட்டும்" என்ற சொல் வந்த வழி

ஆஸ்பத்திரியில் புரை எடுப்பதும் அப்போது சாதாரணக் காரியமில்லை. 1884-ல் கோகெய்ன் சொட்டு கண்ணை மரக்கச் செய்யும் என்று கண்டுபிடிக்கப்பட்டிருந்ததால் வலி குறைந்தது. ஆனால் கருவிழியின் ஓரத்தை ஏறக்குறைய பாதி வட்டத்துக்கு அறுத்து லென்ஸை வெளியே தள்ள வேண்டும். நோயாளி நாள் கணக்கில் கண் கட்டோடு, தலையை அசைக்காமல் படுத்திருக்க வேண்டும். உள்ளே வைக்க லென்ஸ் கிடையாது. எடுத்த லென்ஸுக்குப் பதிலாகச் சோடாபுட்டிக் கண்ணாடிதான் கடைசிவரை.

அந்த முறையில் ஒரு சிக்கல் இருந்தது. முத்தாத புரையை எடுத்தால் அதன் பசை போன்ற பகுதி பையில் ஒட்டிக்கொண்டு கண்ணுக்குள் தங்கிவிடும், வீக்கம் வரும். முழுதாக முத்திய புரை சுத்தமாக வழுக்கி வெளியே வரும். அதனால்தான் டாக்டர்கள் "முத்தட்டும்" என்றார்கள். அன்றைய அறுவை முறைக்கு அது சரியான அறிவுரை. அதே காலத்தில் பஞ்சாபின் ஜலந்தரில் ஹென்றி ஸ்மித் என்ற டாக்டர் லென்ஸைப் பையோடு சேர்த்தே அழுத்தி வெளியே எடுத்தார். பல்லாயிரக்கணக்கான கண்களில் செய்தார். எந்த முறை நல்லது என்று மருத்துவ இதழ்களில் பல வருடம் வாதம் நடந்தது.

முறைகள் எல்லாம் மாறிவிட்டன. 1949-ல் லண்டனில் ஹெரால்ட் ரிட்லி முதல் செயற்கை லென்ஸைக் கண்ணுக்குள் வைத்தார். 1967-ல் அமெரிக்காவில் சார்லஸ் கெல்மன் ஒலி அலையால் புரையை உடைத்து உறிஞ்சும் முறையைக் கொண்டுவந்தார். இன்றைய முறைகளில் புரை முத்தக் காத்திருக்கத் தேவை இல்லை; மிக முற்றினால் ஆபரேஷன் கடினமாகிறது, சிலருக்கு அந்தப் புரையே கண் அழுத்தத்தையும் ஏற்றிவிடுகிறது. காரணம் போய் வெகுகாலம் ஆகிவிட்டது, சொல் மட்டும் நம் வீடுகளில் தங்கிவிட்டது. எங்கள் அப்பா காத்திருந்தது எலியட் காலத்து அறிவுரைக்காக.

இரண்டு மில்லிமீட்டர் ஓட்டை

இப்போது கிளாகோமாவுக்கு வருவோம். 1850-களில் பெர்லினில் ஆல்பிரெக்ட் ஃபான் கிராஃபே, கண்ணின் வண்ணத் திரையில் ஒரு துண்டை வெட்டி எடுத்தால் சிலவகை கிளாகோமா அடங்குகிறது என்று காட்டினார். திடீரென்று வலியோடு வரும் வகைக்கு அது கைகொடுத்தது. சத்தமில்லாமல் வருடக்கணக்கில் வளரும் வகைக்கு அவ்வளவாகக் கைகொடுக்கவில்லை. அழுத்தத்தைக் குறைக்கும் சொட்டு மருந்துகளும் வந்திருந்தன. ஆனால் அவற்றைத் தினமும் பலமுறை, ஆயுள் முழுக்க விட வேண்டும். கைபிடித்து வந்த பேரனோடு கிராமத்துக்குத் திரும்பிப் போகிற நோயாளி, மருந்து தீர்ந்தால் எங்கே போவார்? மறுபடி வருவார் என்று எந்த டாக்டரும் நம்ப முடியாது. அவருக்கு ஒருமுறை செய்தால் நிற்கிற சிகிச்சை வேண்டும்.

அழுத்தத்தை அளப்பதே அன்று பெரும்பாலும் விரலால்தான். கீழே பார்க்கச் சொல்லி, மூடிய இமையின் மேல் இரண்டு ஆள்காட்டி விரல்களை வைத்து மாற்றி மாற்றி அழுத்தி, கண் எவ்வளவு கல்லாக இருக்கிறது என்று உணர்வார்கள். நார்வேயின் ஷியோட்ஸ் கண்டுபிடித்த அழுத்தமானி 1905-ல்தான் வந்தது.

1906-ல் பிரான்சில் லக்ராஞ்ச், வெள்ளைவிழியின் ஓரத்தில் சிறு துண்டை வெட்டி எடுத்து நீர் கசிய வழி செய்தார். எலியட் 1909-ல் எழும்பூரில் இதை இன்னும் எளிதாக்கினார். ட்ரெஃபைன் என்பது வட்டமான கூர்விளிம்பு கொண்ட ஒரு சின்னக் குழல். ரொட்டி மாவில் டம்ளரை அழுத்தித் திருகி வட்டம் எடுப்போமே, அதே வேலைதான், ஆனால் சுமார் 2 மில்லிமீட்டர் அகலத்தில். வெள்ளைவிழியை மூடியிருக்கும் மெல்லிய தோலை மேலிருந்து கீழாக உரித்து, கருவிழியும் வெள்ளைவிழியும் சேரும் விளிம்பில் குழலைத் திருகி வட்டத் துண்டை எடுத்துவிட்டு, தோலை மறுபடி மேலே மூடிவிடுவார். உள்ளே தேங்கிய நீர் அந்த ஓட்டை வழியாகக் கசிந்து தோலுக்கு அடியில் சின்னக் கொப்புளம் போல் நின்று, அங்கிருந்து உடம்பில் கலந்துவிடும். மேல் இமை அதை மறைத்துக்கொள்ளும். அடைத்த வடிகாலைத் தோண்டாமல், பக்கத்தில் புதிதாக ஒரு வடிகால் போட்டது மாதிரி.

அதே 1909-ல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் ஃப்ரீலண்ட் ஃபெர்கஸ் என்பவரும் ட்ரெஃபைனைக் கையில் எடுத்திருந்தார். யார் முதலில் என்பதில் பேச்சு இருந்தது. ஆனால் நிறைய நோயாளிகளுக்குச் செய்து, ஒவ்வொரு படியையும் விளக்கி, 1913-ல் தனி நூலாகவே எழுதி, மற்ற டாக்டர்கள் கற்றுக்கொள்ளும்படி ஆக்கியவர் எலியட். அதனால் அது எலியட் ஆபரேஷன் என்றே பேர்பெற்றது. லண்டனிலிருந்து சென்னை கற்றுக்கொண்ட காலத்தில், சென்னையிலிருந்து லண்டன் கற்றுக்கொண்ட ஒன்று அது. எழும்பூர் வார்டில் பெயர் தெரியாத நம் ஊர் ஏழைகளின் கண்களில்தான் அந்த முறை சரிபார்க்கப்பட்டது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அவர்களுக்கு ஒரு நினைவுப் பலகை எங்கும் கிடையாது.

குறைகளும் இருந்தன. கொப்புளத்தின் தோல் காலப்போக்கில் மிக மெலிந்து, வருடங்கள் கழித்துக்கூடக் கிருமி உள்ளே போகும் ஆபத்து இருந்தது. 1960-களின் கடைசியில் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் ஜான் கெய்ர்ன்ஸ், ஓட்டையின் மேல் வெள்ளைவிழியின் பாதித் தடிமனில் ஒரு மூடி வைக்கும் முறையை விளக்கினார். டிராபெகுலெக்டமி என்று இன்றும் ஆஸ்பத்திரிகளில் செய்யப்படுவது அதுதான். உள்ளே இருக்கும் நீருக்குத் தோலுக்கு அடியில் புது வழி என்ற யோசனை மட்டும் மாறவில்லை.

இத்தனை திறமை இருந்தும் எலியட்டால் முடியாதது ஒன்று உண்டு. போன பார்வையை அவரால் திருப்பித் தர முடியவில்லை. இருக்கிற பார்வையைக் காப்பதுதான் அந்த ஆபரேஷனின் வேலை. எவ்வளவு பார்வையோடு நோயாளி வந்தாரோ, அதற்கு மேல் கிடைக்காது. எங்கள் அப்பாவிடம் டாக்டர் சொன்னதும் இதையேதான். நூறு வருடத்துக்கு மேல் ஆகியும் அந்த வாக்கியம் மாறவில்லை.

எலியட்டுக்குப் பிறகு

1914-ல் எலியட் எழும்பூரை விட்டு விலகி இங்கிலாந்தில் தொழில் செய்தார். கிளாகோமா பற்றியும், வெப்ப நாடுகளின் கண் நோய்கள் பற்றியும் பெரிய நூல்கள் எழுதினார். இன்னொரு வேடிக்கை: அவர் மேஜிக்கிலும் ஈடுபாடு கொண்டவர். லண்டன் மேஜிக் சர்க்கிள் அமைப்பில் அமானுஷ்யங்களை ஆராயும் குழுவுக்குத் தலைவராக இருந்து, இந்தியக் கயிற்று வித்தையைத் திறந்த வெளியில் நிஜமாகச் செய்து காட்டுபவருக்கு 500 கினி பரிசு என்று 1934-ல் அறிவித்தார்கள். யாரும் அந்தப் பரிசை வாங்கவில்லை. ஊசி வைத்தியரின் திண்ணைக் காட்சியைப் பத்து வருடம் பின்னால் இருந்து பார்த்தவருக்கு, கண்ணைக் கட்டும் வித்தைகளில் சந்தேகம் வந்ததில் ஆச்சரியம் இல்லை. 1936-ல் காலமானார். அவர் சேர்த்த மாதிரிகளைக் கொண்ட எலியட் அருங்காட்சியகம் எழும்பூர் ஆஸ்பத்திரியில் அவர் பெயரைச் சொல்லிக்கொண்டிருக்கிறது.

அதன்பின் அங்கே பொறுப்பு நம்மவர்களிடம் வந்தது. டாக்டர் கோமன் நாயர் அதன் முதல் இந்தியக் கண்காணிப்பாளர். டாக்டர் முத்தையா 1945-ல் அங்கே தொடங்கியதுதான் இந்தியாவின் முதல் கண் வங்கி. 1950-களின் தொடக்கத்தில் அதே ஆஸ்பத்திரியில் கண் மருத்துவம் பயின்றவர்களில் ஒருவர் எட்டயபுரம் பக்கம் வடமலாபுரத்தில் பிறந்த கோ. வெங்கடசாமி. பிரசவ டாக்டர் ஆக விரும்பியவர். முடக்குவாதம் விரல்களைக் கோணலாக்கிவிட்டதால் கண் மருத்துவத்துக்கு வந்தார். அந்த விரல்களாலேயே ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஆபரேஷன்கள் செய்தார். அரசுப் பணியில் ஓய்வு பெற்று 1976-ல் மதுரையில் 11 படுக்கையோடு அவர் தொடங்கியதுதான் அரவிந்த் கண் மருத்துவமனை. நோயாளி வரட்டும் என்று உட்கார்ந்திராமல் ஊருக்கு ஊர் முகாம் போட்டு, பஸ்ஸில் அழைத்துவந்து, ஆபரேஷன் செய்து, திரும்பக் கொண்டுபோய் விட்டார்கள். 1992-ல் ஆரோலேப் மூலம் செயற்கை லென்ஸை மதுரையிலேயே தயாரித்து விலையைப் பல மடங்கு குறைத்தார்கள். ஊசி வைத்தியர் திண்ணைக்கு வந்தார் என்பதுதான் அவரது ஒரே பலம். அந்த பலத்தை நல்ல மருத்துவம் கைப்பற்ற 1970-கள் வரை ஆகியிருக்கிறது.

நமக்கு என்ன?

நம் குடியிருப்பில் இரண்டு வகை வீடுகள் அதிகம். பெரியவர்கள் பகல் முழுக்கத் தனியாக இருக்கும் வீடுகள், ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் கம்பெனிகளில் ஷிஃப்ட் பார்க்கும் பிள்ளைகளின் வீடுகள். இரண்டு பேருக்குமே கண்ணைக் காட்ட நேரம் கிடைப்பதில்லை. அதனால் சில விஷயங்களை மட்டும் சுருக்கமாகச் சொல்கிறேன்.

40 வயது தாண்டியவர்கள், வீட்டில் யாருக்காவது கிளாகோமா இருப்பவர்கள், சர்க்கரை உள்ளவர்கள், கண்ணாடியில் மைனஸ் பவர் அதிகம் உள்ளவர்கள், ஸ்டீராய்டு மருந்தோ சொட்டோ நீண்ட நாள் எடுப்பவர்கள், இவர்கள் கண் டாக்டரிடம் முழுப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். கண்ணாடிக் கடையில் பவர் பார்ப்பது அதில் சேராது. "கண் அழுத்தம் பார்த்தீங்களா, சொட்டு விட்டு நரம்பைப் பார்த்தீங்களா" என்று நீங்களே கேளுங்கள். அழுத்தம் சரியாக இருந்தும் சிலருக்கு நரம்பு கெடுவதுண்டு, அதனால் இரண்டும் வேண்டும். இரவில் பைக் ஓட்டுபவர்களுக்குப் பக்கவாட்டுப் பார்வை எவ்வளவு அவசியம் என்று நான் சொல்லத் தேவையில்லை.

சொட்டு மருந்து எழுதிக்கொடுத்திருந்தால், "இப்ப நல்லாத்தான் தெரியுது" என்று நிறுத்தாதீர்கள். அது இருக்கிற பார்வையைக் காக்க விடுவது. விட்டதால் கூடுதலாகத் தெரியப்போவதில்லை. பலர் நிறுத்திவிடுவதே அதனால்தான். "புரை முத்தட்டும்" என்று யாராவது சொன்னால், வேண்டுமானால் ஆபரேஷனைத் தள்ளிப்போடுங்கள், பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். அப்பா விஷயத்தில் நாங்கள் செய்த தவறு அது ஒன்றுதான்.

ஒவ்வொரு ஆண்டும் மார்ச் மாதத்தில் உலக கிளாகோமா வாரம் வருகிறது. அந்த வாரத்தில் நம் சங்கத்தின் பொது அறையில் ஒரு கண் பரிசோதனை முகாம் வைக்கலாமா என்று செயற்குழுவில் கேட்டிருக்கிறேன். சம்மதம் கிடைத்தால் அடுத்த இதழில் தேதி வரும். அதுவரை காத்திருக்காமல், ஒரு ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டுப் பெரியவரை ஒரு கண்ணை மூடி, பிறகு மறு கண்ணை மூடி, சுவரில் இருக்கும் காலண்டரைப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு கண்ணும் திறந்திருந்தால் ஒரு கண்ணின் குறையை மறு கண் மறைத்துவிடும். அப்பாவுக்கு இரண்டு வருடம் அப்படித்தான் மறைந்திருந்தது. இது வெறும் முதல் படி. காலண்டர் தெளிவாகத் தெரிந்தாலும் டாக்டரிடம் போக வேண்டியதுதான்.

அப்பாவுக்கு இப்போது 76 வயது. இடது கண் நன்றாக இருக்கிறது. காலை ஏழு மணிக்கும் இரவு ஏழு மணிக்கும் சொட்டு. மருந்து விடும்போது கை நடுங்குகிறது என்பதால் என் மகள் விடுகிறாள். விட்டதும் இரண்டு நிமிடம் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பிறகு பேப்பரை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போவார். வலது பக்கம் யாராவது வந்து நின்றால் மட்டும் குரல் கொடுக்க வேண்டும். எங்கள் வீட்டுப் பக்கம் வரும்போது நீங்களும் அப்படியே ஒரு குரல் கொடுத்துவிடுங்கள்.